துணையா, பங்கா?

போன வருடம் ஆடி மாதம் ஸ்ரீரங்கத்திலிருந்து அத்தை போன் செய்தார். "ஒரு கணக்கு போட்டுத் தரணும். யார்கிட்டயும் சொல்லாம வா." அத்தைக்கு 59 வயது. மாமா போய் ஆறு வருடமாகிறது. டெபாசிட் வட்டி, வரி மாதிரி ஏதாவது இருக்கும் என்று நினைத்துப் போனேன். காபி டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு, "கல்யாணம் பண்ணிக்கிட்டா எனக்கு எவ்வளவு நஷ்டம்?" என்று கேட்டார்.

ஆளை எனக்கும் தெரியும். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், 68 வயது. மனைவி இறந்துவிட்டார். திருவானைக்கோவிலில் சொந்த வீடு, மகன் கனடாவில், மகள் கோவையில். அம்மா மண்டபம் சாலையில் காலை நடையில் ஆரம்பித்த பழக்கம், இரண்டு வருடத்தில் ஒருவரை ஒருவர் பார்க்காவிட்டால் அன்றைய பொழுது ஓடாது என்கிற அளவுக்கு வந்திருந்தது. பிடித்திருக்கிறதா என்று அத்தையிடம் நான் கேட்கவே இல்லை, முகத்திலேயே தெரிந்தது. அதை எந்த வடிவத்தில் வைத்துக்கொள்வது என்பதில்தான் சிக்கல். அவர் ஊரறியத் தாலி கட்ட வேண்டும் என்கிறார். அத்தை, இப்படியே இருந்தால் என்ன என்கிறார்.

கம்பேனியன், பார்ட்னர் என்று இப்போது எல்லோரும் இரண்டு சொல்லையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறார்கள். தமிழில் அது நடக்காது. "கடைக்குத் துணைக்கு வா" என்று கூப்பிட்டால், வருகிறவர் கடையில் காசு எடுக்க வேண்டியதில்லை. இருட்டில் கூட நடந்தால் போதும். பங்காளி என்றால் கதையே வேறு. சொத்தில் பங்கு உள்ளவர் அவர், சாவுக்குத் தீட்டு காக்கிறவர் அவர், ஒரு அடி வரப்புக்காகக் கோர்ட்டுக்குப் போகிறவரும் அவரேதான். பங்கு வந்தால் உரிமை வரும், கூடவே கணக்கும் சண்டையும் வரும். "லைஃப் பார்ட்னர் தேவை" என்று விளம்பரம் கொடுக்கிறவர்களில் எத்தனை பேர் இதை யோசித்திருப்பார்கள் என்று எனக்குச் சந்தேகம்.

காதல் இரண்டிலும் இருக்கலாம். அதனால் காதலை வைத்து இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது. நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: ஒருவருக்கு வருமானம் நின்றால் மற்றவரின் மாதச் செலவு மாறுமா? மாறும் என்றால் அது பங்கு. வருத்தப்படுவார், வந்து பார்ப்பார், சாப்பாடு கொண்டுவருவார், ஆனால் செலவு மாறாது என்றால் அது துணை. இரண்டாவது தாழ்ந்தது என்று நான் நினைக்கவில்லை. தான் எதில் இருக்கிறோம் என்று தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து.

அத்தைக்கு மூன்று வழி இருந்தது. முறைப்படி கல்யாணம், கல்யாணம் இல்லாமல் ஒரே வீட்டில் வாழ்வது, அவரவர் வீட்டில் இருந்துகொண்டு பகல் பொழுதைப் பகிர்ந்துகொள்வது. மூன்றாவதற்கு ஸ்வீடன்காரர்கள் 'சர்போ' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். தனித்தனி வீட்டில் வாழும் ஜோடி. ஒரே வீட்டில் இருந்தால் 'சம்போ'. சம்போவுக்கு 2003-ல் போட்ட தனிச் சட்டம் இருக்கிறது: சேர்ந்து வாழ்வதற்காக வாங்கிய வீடும் சாமான்களும் பிரியும்போது பங்குக்கு வரும், ஆனால் ஒருவர் இறந்தால் மற்றவர் தானாக வாரிசாக மாட்டார். துணை எங்கே முடிகிறது, பங்கு எங்கே ஆரம்பிக்கிறது என்று அங்கே கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். இங்கே அந்தக் கோட்டை நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும்.

முதலில் ஓய்வூதியம். அத்தை கேட்ட கணக்கும் இதுதான். மாமா மாநில அரசு ஊழியர். அத்தைக்கு மாதம் 23,000 சொச்சம் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. தைத்துக் கொடுப்பதில் கிடைக்கும் சில்லறையை விட்டால் அவர் பெயரில் வரும் ஒரே பணம் அதுதான். தமிழ்நாடு ஓய்வூதிய விதிகளின்படி விதவைக்கு இந்தப் பணம் இறப்பு அல்லது மறுமணம், இரண்டில் எது முன்னால் வருகிறதோ அதுவரைதான். தாலி ஏறிய அன்றோடு நின்றுவிடும்.

எதிர்ப்பக்கக் கணக்கும் உண்டு. அவருக்கு மாதம் 41,000 ரூபாய் வருகிறது. ஓய்வு பெற்ற பிறகு செய்துகொண்ட திருமணம் என்றாலும் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதிய உரிமை உண்டு. அலுவலகத்துக்குத் தெரிவித்து ஓய்வூதிய ஆணையில் பெயரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் 50 சதவீதம், குடும்ப ஓய்வூதியம் 30 சதவீதம். அப்படியானால் அவருக்குப் பிறகு அத்தைக்குச் சுமார் 24,600 வரும். இப்போது வருவதைவிட ஆயிரத்து சொச்சம் கூடுதல்.

"பாத்தீங்களா, நஷ்டமே இல்ல" என்றேன்.

அத்தை பேப்பரைத் திருப்பிப் பார்த்தார். "அவர் இருக்கற வரைக்கும் என் கையில காசு கிடையாது. அவர் போனப்புறம்தான் வரும். ஒரு மனுஷனோட வாழறதுக்கு இது நல்ல கணக்காடி?"

என்னிடம் பதில் இல்லை. அவர் நல்லவர், கேட்டால் கொடுப்பார். ஆனால் முப்பது வருடம் மாமாவிடம் கேட்டுக் கேட்டு வாங்கிய அத்தைக்கு, கேட்காமல் மாதக் கடைசியில் வங்கியில் வந்து விழும் 23,000-ன் ருசி வேறு. ஆறு வருடமாகத்தான் அது பழகியிருக்கிறது. பங்கு என்று வரும்போது யாருடைய வருமானம் கரைகிறது என்று பார்க்க வேண்டும். இந்த விதி ஆண் பெண் இருவருக்கும் பொது என்றாலும், ஊரில் குடும்ப ஓய்வூதியத்தை மட்டும் நம்பியிருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள்தானே.

அப்படியானால் கல்யாணம் இல்லாமல் ஒரே வீட்டில் இருந்துவிடலாமே என்று தோன்றும். விதியில் இருக்கும் சொல் 'மறுமணம்'. சேர்ந்து வாழ்வதை அது சொல்லவில்லை. ஆனால் நீண்ட நாள் கணவன் மனைவி போல் வாழ்ந்தவர்களைத் திருமணமானவர்களாகவே நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளும் வழக்கம் இங்கே பழையது. ஐம்பது வருடம் சேர்ந்து வாழ்ந்த ஒரு ஜோடியின் வழக்கில் 1978-லேயே உச்ச நீதிமன்றம் அப்படிச் சொல்லியிருக்கிறது. பெண்ணுக்குப் பாதுகாப்பாக வந்த ஊகம் அது. அதே ஊகத்தைக் காட்டி, "அப்படியென்றால் இது கல்யாணம்தானே, ஓய்வூதியம் எதற்கு?" என்று யாராவது கேட்டால் பதில் சொல்லும் வேலை அத்தை தலையில் விழும். கேட்க ஆள் வருமா என்றால், தெருவில் ஒருவர் போதும், மொட்டைக் கடுதாசி எழுத. கணக்கில் துணையாகவும் வீட்டில் பங்காகவும் இருக்கப் பார்ப்பது இந்த இடத்தில்தான் இடறுகிறது.

அடுத்தது வீடு. அத்தையின் மகள் பெங்களூரில் இருக்கிறாள். விஷயம் தெரிந்ததும் அவள் முதலில் கேட்டது வீட்டைப் பற்றித்தான். நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன், அவள் பயத்தில் நியாயம் இருக்கிறது. மாமா உயில் எழுதவில்லை; வீடு அத்தைக்குப் பாதி, மகளுக்குப் பாதி. அத்தை மறுமணம் செய்துகொண்டு, அவரும் உயில் எழுதாமல் போனால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அத்தையின் பாதி மகளுக்கும் புதுக் கணவருக்கும் சமமாகப் போகும். மாமா கட்டிய வீட்டில் கால் பங்கு ரயில்வேக்காரருக்கு. அவருக்குப் பிறகு அவர் பிள்ளைகளுக்கு. கனடாவில் இருக்கும் முன்பின் தெரியாத ஒருவர் ஸ்ரீரங்கத்து வீட்டில் பங்குதாரர் ஆகிவிடுவார்.

அந்தப் பக்கமும் இதே கதை. அவர் உயில் இல்லாமல் இறந்தால், அவர் சம்பாதித்துக் கட்டிய வீட்டில் மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் ஆளுக்கு மூன்றில் ஒன்று. வெறும் துணையாக அந்த வீட்டில் குடியிருந்தால் அத்தைக்கு ஒன்றும் கிடையாது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் சாவியைக் கொடுக்கச் சொன்னால் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

இதற்கெல்லாம் மருந்து ஒரு பக்க உயில். இரண்டு சாட்சி போதும், பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் பதிந்துவிடுவது நல்லது. கல்யாணம் என்றால், "என் பாதி மகளுக்கே" என்று அத்தை எழுதிவைக்கலாம். கல்யாணம் இல்லாமல் அவர் வீட்டில் இருப்பது என்றால், "இன்னார் ஆயுள் உள்ளவரை இங்கே குடியிருக்கலாம், அதன்பின் என் பிள்ளைகளுக்கு" என்று அவர் எழுதலாம். நாமினி போட்டாயிற்று என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வங்கியில் நாமினி என்பவர் பணத்தை வாங்கி வைத்துக்கொள்பவர் மட்டும்தான், வாரிசு கேட்டால் கொடுத்தாக வேண்டும்.

ஆஸ்பத்திரி. பங்கின் பக்கம் தராசு உண்மையாகவே சாயும் இடம் இதுதான். நினைவோடு இருக்கும் பெரியவருக்கு அவர் சம்மதமே போதும். நினைவு தப்பி ஐ.சி.யூ.வில் படுத்தால், வாசலில் "நீங்க பேஷன்ட்டுக்கு என்ன வேணும்?" என்று கேட்பார்கள். "மனைவி" என்றால் மேற்கொண்டு பேச்சில்லை. "தெரிஞ்சவங்க" என்று சொன்னால் கோவையிலிருந்து மகள் வரும்வரை வெளி பெஞ்சில் உட்கார வேண்டும், அவரை அட்மிட் செய்ததே நீங்களாக இருந்தாலும். சிறுநீரகம் கொடுக்க நேர்ந்தால் மனைவி சட்டப்படி நெருங்கிய உறவு. துணைவி அனுமதிக் குழு முன்னால் நின்று, காசுக்காக இல்லை, அன்பினால்தான் என்று காட்ட வேண்டும்.

ஒரு பகுதியைக் காகிதத்தால் சரிக்கட்டலாம். மீள வழியில்லாத நிலையில் உயிர்காக்கும் கருவிகள் வேண்டுமா வேண்டாமா என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் மருத்துவ முறியை உச்ச நீதிமன்றம் 2018-ல் ஏற்றுக்கொண்டது. 2023-ல் நடைமுறையை எளிதாக்கி, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன்னால் கையெழுத்திட்டால் போதும் என்றாக்கியது. தன் சார்பில் முடிவெடுக்கும் ஆள் யார் என்றும் அதில் குறிப்பிடலாம். ஆனால் சாதாரணக் காய்ச்சலுக்கும் எலும்பு முறிவுக்கும் அந்தக் காகிதம் உதவாது. அங்கே செல்லுபடியாவது உறவுப் பெயர்தான்.

இதே ஆஸ்பத்திரிக்கு இன்னொரு பக்கம் உண்டு. அதை அத்தைதான் சொன்னார். மாமாவுக்குப் பக்கவாதம் வந்து நான்கு வருடம் படுக்கையில் இருந்தபோது பார்த்தது முழுக்க அத்தை. "அவருக்கு அறுபத்தெட்டு. எனக்கு அவரைப் பிடிக்கும். ஆனா இன்னொரு தடவை மூணு வேளை சோறும் மாத்திரையும் பெட்பேனும் என்னால முடியாதும்மா. கட்டிக்கிட்டேன்னா முடியாதுன்னு சொல்ல முடியாது பாரு." நம் வீடுகளில் பங்கு என்றால் பணமும் சொத்தும் மட்டுமா? அடுக்களையும் அதில் சேர்த்தி, யாரும் அதை எழுதிக் காட்டுவதில்லை, அவ்வளவுதான். மனைவி முடியாது என்று சொன்னால் குற்றம். துணை முடிந்ததைச் செய்தால் நன்றி. ஒரே கஞ்சி, ஒரே கை. இதைக் கேட்ட பிறகு என் மனசு மூன்றாவது வழிப் பக்கம் போய்விட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அந்த வழிக்குச் சட்டத்தில் என்ன இடம்? கிட்டத்தட்ட எதுவும் இல்லை. கோவை குடும்ப நீதிமன்றத்தில் கிளம்பிய ஒரு ஜீவனாம்ச வழக்கில், 2010-ல் உச்ச நீதிமன்றம் 'திருமணத்தை ஒத்த உறவு' எது என்று வரையறுத்தது. ஊர் முன்னால் கணவன் மனைவி போல நடந்துகொள்ள வேண்டும், இருவரும் மணவயதுக்காரர்களாகவும் வேறு கல்யாணம் நிலுவையில் இல்லாதவர்களாகவும் இருக்க வேண்டும், குறிப்பிடத்தக்க காலம் தாமாக விரும்பி ஒரே வீட்டில் வாழ்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் 2005-ம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் பாதுகாப்பு கிடைக்கும். வார இறுதிகளைச் சேர்ந்து கழித்தால் மட்டும் போதாது என்று தீர்ப்பிலேயே இருக்கிறது. தனித்தனி வீட்டுத் துணைக்கு உரிமையும் இல்லை, கடமையும் இல்லை. சொந்த வருமானமும் சொந்தக் கூரையும் உள்ளவருக்கு இது விடுதலை. இரண்டில் ஒன்று இல்லாதவர் இதில் இறங்கவே கூடாது.

கல்யாணம் செய்யும் முறையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இருவரும் இந்துக்கள் என்றால் தமிழ்நாட்டில் 1967-ல் வந்த திருத்தத்தின்படி உறவினர், நண்பர் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால் போதும், அப்புறம் சார்பதிவாளரிடம் பதிவு. மதம் வேறு என்றால் 1954-ம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம், 30 நாள் நோட்டீஸ். அந்த நோட்டீஸைப் பலகையில் ஒட்டுவார்கள். அறுபது வயதில் அதைப் பார்த்து யார் என்ன சொல்வார்கள் என்று நினைத்தாலே பலருக்குக் கை நடுங்குகிறது. ஊர் வாய்க்கு மூன்று வழியிலும் ஒரே மாதிரிதான் தீனி கிடைக்கும். அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

இதெல்லாம் பெரியவர்கள் சமாச்சாரம் என்று முப்பது வயதுக்காரர்கள் நகர்ந்துவிட வேண்டாம். அத்தைக்கு இருந்த தெளிவில் பாதிகூட இல்லாதவர்களைச் சென்னையில் பார்க்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு ஜோடி, பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் சேர்ந்து வாழ்ந்தார்கள். "நாங்க கம்பேனியன்ஸ், லேபிள் வேண்டாம்" என்பார்கள். ஃபிளாட் அவள் பெயரில், மாதத் தவணையில் பாதி அவன் கணக்கிலிருந்து. நான்கு வருடம் கழித்துப் பிரிந்தபோது அவன் கட்டிய பணத்துக்கு என்ன பெயர் வைப்பது என்றே யாருக்கும் தெரியவில்லை. வாடகையா, கடனா, அன்பளிப்பா? கணவன் மனைவிக்குள் கொடுக்கும் பணத்தை அன்பளிப்பு என்று வருமான வரிச் சட்டம் விட்டுவிடும். வெளியாரிடமிருந்து வருடத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் அன்பளிப்பு வந்தால் வாங்கியவர் வருமானத்தில் சேர்ந்துவிடும். துணைவர் அந்தச் சட்டத்துக்கு வெளியார்தான். இன்னொருவர் பெயரில் சொத்து வாங்கினால் பாயும் பினாமி சட்டத்திலும் கணக்குக் காட்டிய பணத்தில் மனைவி, கணவன், பிள்ளை பெயரில் வாங்குவதற்கு விலக்கு உண்டு. சேர்ந்து வாழ்கிறவருக்கு அந்தச் சலுகை இல்லை.

பேச்சில் துணை, பாஸ்புக்கில் பங்கு. நான் பார்த்தவற்றில் மிக மோசமான கலவை இதுதான். தவணை, குழந்தை, ஒருவர் வேலையை விட்டு மற்றவர் ஊருக்குப் போவது, இந்த மூன்றில் ஒன்று வந்தாலும் அது துணையைத் தாண்டிவிட்டது. அப்போது கல்யாணமோ, குறைந்தபட்சம் இருவர் பெயரிலும் பத்திரமோ வேண்டும். குழந்தை விஷயத்தில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை, அங்கே பங்குதான்.

மறுபடி ஸ்ரீரங்கம். அத்தைக்கு என் யோசனையைச் சொன்னேன்: இப்போதைக்கு இரண்டு வீடு. இருவரும் உயில். அவர் மருத்துவ முறியில் அத்தை பெயர், கோவை மகளுக்கும் தெரிவித்து, அவள் கையெழுத்தும் சாட்சியாக. ஐந்து வருடம் கழித்து ஒருவருக்கு இன்னொருவர் வீட்டிலேயே இருந்தாக வேண்டும் என்ற நிலை வந்தால் அப்போது கல்யாணத்தைப் பற்றிப் பேசலாம். அவர் ஓய்வூதிய உரிமை அப்போதும் இருக்கும். அவருக்கு இது பிடிக்கவில்லை. இரண்டு வாரம் நடைக்கு வரவில்லை. மூன்றாவது வாரம் வந்து, உயிலுக்கு எந்த வக்கீல் என்று கேட்டாராம்.

அத்தைக்குக் கருவூலத்தில் ஆண்டு நேர்காணல் இருக்கிறது. ஆன்லைனில் முடித்துவிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன், நேரில் போனால்தான் திருப்தி என்றார். இந்த வருடம் நானும் கூடப் போனேன். மறுமணம் செய்துகொள்ளவில்லை என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அத்தை எழுந்தார். வெளியே வேப்பமரத்தடி பெஞ்சில் குடையும் தண்ணீர் பாட்டிலுமாக அவர் உட்கார்ந்திருந்தார். வரிசையில் பின்னால் நின்ற பாட்டி அத்தையைப் பார்த்து, "அது யாரும்மா, உங்க அண்ணனா?" என்று கேட்டார்.

"இல்லங்க, துணைக்கு வந்திருக்கார்" என்றார் அத்தை.